கதவில்லா வாசல்

ஒருகொடவத்தை யார்டில்
கப்பலால் இறங்கிய எந்த வண்டியின் சாவியைத் திருகினாலும்
ஒரு பெண் பேசுவாள்.
மரியாதையான குரல். ஒரே வாக்கியம். ஜப்பான் மொழி.
பன்னிரண்டு வருடம் கேட்டேன்.
அது வணக்கம் என்றார் ஹில்மி முதலாளி.
பெல்ட் போடச் சொல்கிறாள் என்றான் சுரங்க.
நான் சேஸி நம்பர் எழுதியபடியே
ஓம், ஓம் என்று அவளுக்குப் பதில் சொல்லப் பழகியிருந்தேன்.

ஏலம் பார்க்கப் போன வருடம் என்னை அனுப்பினார்கள்.
வேலை முடிந்து ஒரு ஞாயிறு மிஞ்சியது.
கவாச்சி தன் ஊருக்குக் கூட்டிப்போனான்.
மட்சுயாமா: மேலே கோட்டை, கீழே வெந்நீர்.

கோட்டை என்றதும் எனக்குச் சிரிப்பு.
கொழும்பில் கோட்டை என்பது
ஒரு ரயில் நிலையம்,
மாத்தறை வண்டிக்கு ஓடும் சனம்,
நடைபாதையில் போன் கவர் விற்பவனின் தொண்டை.
கோட்டை எங்கே என்று கேட்டால்
இதுதான் கோட்டை என்பார்கள்.
மதிலை வெள்ளைக்காரன் இடித்துவிட்டுப்
பெயரை பஸ் போர்டில் விட்டுப்போனான்.

அங்கே கோட்டை இருந்தது.
கம்பியில் தொங்கிய ஒற்றைக் கதிரை
கால்கள் ஆட ஆட மலைக்கு ஏற்றியது.
கல்மதிலோரம் வளைந்து வளைந்து நடந்தோம்.
ஓரிடத்தில் வாசல் இருந்தது, கதவு இல்லை.
உடைந்துபோனதா?
இல்லை, பெயரே கதவில்லா வாசல் என்றான் கவாச்சி.
திறந்திருக்கிறதென்று நம்பி ஓடிவருபவன் மேல்
கொஞ்சம் தள்ளி ஒளிந்திருக்கும் இன்னொரு வாசலால்
பாய்வார்களாம்.
நான் குனிந்து
அவிழாத சப்பாத்து நாடாவைக் கட்டினேன்.

மதில் இல்லாத எங்கள் கோட்டைக்கும்
ஒருகாலம் வாசல்கள் இருந்தன.
மண்மூட்டை, தார்ப் பீப்பா, மேசை, டோர்ச்.
இரண்டாயிரத்தேழு. சட்டையைத் தூக்கு என்றான்.
தூக்கினேன்.
விலாவிலிருந்து இடுப்புவரை
பளபளவென்று இழுத்துப்பிடித்த தோல்.
இது என்ன?
ஏழு வயதில், ஜெம்பட்டா வீதியில்,
தீபாவளிக்கு முதல்நாள்,
முறுக்குச் சுட்ட எண்ணெய் என்றேன்.
சிங்களத்திலும் அது முறுக்குத்தான்.
ஆனாலும் அவனுக்கு விளங்கவில்லை.
விடியும்வரை விளங்கவில்லை.

குளிக்கப் போகுமுன் கவாச்சி கூச்சத்தோடு கேட்டான்:
உடம்பில் பச்சை குத்தியிருக்கிறதா?
சில இடங்களில் விடமாட்டார்கள்.
இல்லை.
அப்படியென்றால் சரி.
அவ்வளவுதான் சோதனை.

எல்லாம் கழற்றிக் கூடைக்குள் வைத்தேன்,
அந்த நாட்டிலும் சட்டைப்பையில் வைத்திருந்த
அடையாள அட்டையையும்.
தாழ்ந்த முக்காலியில் குந்தி நன்றாகத் தேய்த்துக் கழுவி,
சின்னத் துவாயை மடித்துத் தலையில் வைத்து
ஆவிக்குள் கழுத்துவரை இறங்கினோம்.
எதிரே ஒருவர். பாங்க் மனேஜராக இருக்கலாம்;
உடுப்பில்லாமல் எப்படித் தெரியும்?
அவர் தொந்தியில் பூரான் போல ஒரு தையல்.
என் விலாவைப் பார்த்தார்.
தண்ணீரைக் காட்டி
சூடு என்றார், அவர் மொழியில்.
சூடு என்றேன், தமிழில்.

கால் புண்பட்ட வெள்ளைக் கொக்கு
இந்த ஊற்றில் நின்று நின்று சுகப்பட்டதாம்.
கதைதான். இருந்தாலும்
எண்ணெய் பட்ட பக்கத்தைச்
சற்றே சாய்த்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில்
கவாச்சியின் காரிலும் அவள் பேசினாள்.
அதே வாக்கியம்.
என்னதான் சொல்கிறாள்?
ரோட்டுக் கட்டணத்துக்கு ஒரு அட்டை, வீட்டில் மறந்துவிட்டேன் என்றான்.
'அட்டை போடப்படவில்லை' என்கிறாள்.
என் கை சட்டைப்பைக்குப் போய்
இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு
மடிக்குத் திரும்பியது.

கொட்டாஞ்சேனை. நாலாம் மாடி. பகல் இரண்டு மணி.
மொட்டைமாடியில் கறுப்புத் தாங்கி கொதிக்கிறது.
பச்சைத்தண்ணீர்க் குழாயில் வெந்நீர்.
துவாயை நாலாய் மடித்துத் தலையில் வைத்து
வாளிக்கு முன்னால் குந்தியிருக்கிறேன்.
சுலோஜினி கதவைத் தட்டுகிறாள்:
"அரை மணித்தியாலமா உள்ளுக்கு என்ன செய்றீங்கள்?
மோட்டர் போடேல்லை. தண்ணி முடியப்போகுது."

"சூடு," என்கிறேன்.